பெரிய ராணிக்கு உடைத்த மூன்று தேங்காய்

மரியகொரெட்டிக்குச் சீனம் தெரியும் என்பது இரண்டாம் டிவிஷன் லயத்தில் எல்லாரும் ஒத்துக்கொண்ட விஷயம். மாரியம்மன் கோயில் திருவிழாவை எந்த வாரம் வைப்பது என்பதில்கூட அங்கே இரண்டு கட்சி உண்டு. இதில் மட்டும் ஒரே கட்சி.

லுக்குட் டவுனிலிருந்து உள்ளே போனால் செம்பனைத் தோட்டம், அதன் கடைசியில் தொழிலாளர் வீடுகள் வரிசையாக நிற்கும் இந்த லயம். கொரெட்டி பிறந்ததே இங்கேதான். பதினைந்து வயதில் அவளை ரஹாங்கில் ஒரு சீனத் தவுக்கே முதலாளி வீட்டுக்குச் சமையல் வேலைக்கு அனுப்பினார்கள். அங்கே ஏழு வருஷம். தவுக்கேயின் தாயார் காலையிலிருந்து விளக்கு வைக்கும்வரை கண்டனீஸில் திட்டிக்கொண்டே இருப்பாள். கொரெட்டி அதைக் கேட்டுக் கேட்டே அந்தப் பாஷையைக் கற்றுக்கொண்டாள். அதனால் இன்றைக்கும் அவளுக்கு மரியாதையாகப் பேச நாக்குத் திணறும், திட்டுவது மட்டும் சுத்தமாக வரும். லுக்குட் காய்கறிக் கடையில் அவள் வாயைத் திறந்தால் சீனக் கடைக்காரர் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு ஒரு பிடி வெங்காயத்தாளைச் சும்மா போடுவார். லயத்துக்கு வேறு என்ன அத்தாட்சி வேண்டும்?

கணவர் கேப்ரியல் போய்ச் சேர்ந்து ஆறு வருஷம். மகன் ஸ்டீவன் சிங்கப்பூரில். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் போன் பண்ணுவான், "சாப்ட்டியாம்மா" என்பான், "ஆச்சு" என்பாள், அதோடு அந்த வாரம் முடிந்தது. ஆனால் அவள் வீடு வெறிச்சென்று கிடக்கவில்லை. தினமும் மூன்று மணிக்கு லயத்துப் பெண்கள் எட்டுப் பேர் வந்து விடுவார்கள். தொலைக்காட்சியில் சீன நாடகம் ஓடும், கொரெட்டி நாற்காலியில் உட்கார்ந்து கதை சொல்வாள், மற்றவர்கள் கீழே பாயில் உட்கார்ந்து கேட்பார்கள். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் மீதி இருபத்து மூன்று மணி நேரத்தையும் அவள் ஓட்டிக்கொண்டிருந்தாள். இதை யாரிடமும் சொன்னதில்லை, சொல்லியிருந்தால் அழுதிருப்பாள்.

வினை எங்கே வந்ததென்றால், புதிதாகத் தொடங்கிய ஓர் அரண்மனை நாடகத்தில் வந்தது. அதற்கு முன்னால் ஓடியவை எல்லாம் கண்டனீஸ். இது மாண்டரின். ஒரு சீனம் பேசுகிறவர்களுக்கு இன்னொரு சீனம் புரியாமல் போகலாம் என்பது லயத்தில் யாருக்கும் தெரியாது, கொரெட்டிக்கு அந்த முதல் நாள் மூன்று மணி ஐந்து நிமிஷத்துக்குத்தான் தெரிந்தது. பழைய காலத்துச் சீன அரண்மனை. தலை கொள்ளாத தங்க ஊசியோடு இரண்டு பெண்கள் எதிரெதிரே நிற்கிறார்கள். மூத்தவள் ஏதோ சொல்கிறாள். இளையவள் குனிந்து சிரிக்கிறாள். கொரெட்டிக்கு ஒரு வார்த்தைகூட விளங்கவில்லை. முதுகில் வியர்வை இறங்கியது.

"என்னாக்கா சொல்றா?" என்றாள் முத்தாயி. பக்கத்து வீட்டுக்காரி. இருபது வருஷம் செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கி இடுப்பு போனவள், கொரெட்டியின் வலது கை, பிஸ்கட் டின்னைத் திறக்கும் உரிமை அவளுக்கு மட்டும்தான்.

கொரெட்டி அந்த இரண்டு முகங்களையும் பார்த்தாள். நிமிர்ந்து நிற்கும் மூத்தவள். குழைந்து சிரிக்கும் இளையவள்.

"மூத்தவ பெரிய ராணி. தங்கமான மனுஷி. இவ சின்ன ராணி. ராசாவ மயக்கிட்டா. ரெண்டு பேருக்கும் ஆளுக்கொரு மகன். எவன் அடுத்த ராசான்னுதான் சண்ட" என்றாள்.

"சிரிப்பப் பாத்தாலே தெரியுதுலா, கள்ளி" என்றாள் முத்தாயி.

அவ்வளவுதான், ஆறு மாசம் ஓடிவிட்டது. பெரிய ராணி பட்டினி கிடந்தாள், கோயிலுக்குப் போனாள், சக்களத்தி மகனுக்குக் காய்ச்சல் வந்தால் தானே கஞ்சி வைத்துக் கொடுத்தாள். சின்ன ராணி கஞ்சியைக் கொட்டினாள். திரையில் அந்த அம்மாள் கொட்டியது என்ன என்பது கடவுளுக்கும் நாடகம் எடுத்தவனுக்கும்தான் தெரியும்.

ஒரே ஒரு இடைஞ்சல், திரைக்குக் கீழே ஓடும் மலாய் எழுத்து. பாசார் சந்தையில் இந்தப் பெண்கள் மலாயில் சண்டை போட்டால் எதிராளி ஓடுவான். ஆனால் ஓடுகிற எழுத்தைப் பிடித்துப் படிக்கிற வேகம் யாருக்கும் இல்லை. இருந்தாலும் எவளாவது ஒரு வார்த்தையை எட்டிப் பிடித்துவிட்டால்? கொரெட்டி மாதா சொரூபத்தின் பக்கத்தில் இருந்த பிளாஸ்டிக் பூச்சாடியை எடுத்து, எழுத்து வரும் இடத்துக்கு நேராக வைத்தாள். யாரோ கேட்டதற்கு, "மாதாவுக்கு நேந்துக்கிட்ட பூ, நகத்தக் கூடாது" என்றாள். அம்மனானாலும் மாதாவானாலும் நேர்ந்துகொண்டதில் கை வைக்க அந்த லயத்தில் ஆள் இல்லை.

அடுத்த ராஜா யார் என்று ராஜா தீர்ப்புச் சொல்ல வேண்டிய நாளில், அதைச் சொல்லுமுன்பே அன்றைய பகுதி முடிந்துவிட்டது. முத்தாயியால் பொறுக்க முடியவில்லை. மறுநாள் காலையிலேயே மூன்று தேங்காயோடு மாரியம்மன் கோயிலுக்குப் போய்விட்டாள். பூசாரி மணியம் அர்ச்சனைக்குப் பெயர் கேட்டார்.

"பெரிய ராணி."

"நட்சத்திரம்?"

முத்தாயி கொஞ்சம் யோசித்துத் தன் நட்சத்திரத்தையே கொடுத்தாள். மூன்று தேங்காயும் பழுதில்லாமல் உடைந்தன. செய்தி கேட்ட கொரெட்டிக்கு வேறு வழியில்லை. அன்று மூன்று மணிக்குத் திரையில் யார் அழுதார்களோ யார் சிரித்தார்களோ, தீர்ப்பு பெரிய ராணி பக்கம் வந்தது.

இந்த நேரத்தில்தான் திலகா வந்து சேர்ந்தாள். தோட்ட ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணி குணாளனின் அம்மா. ரஹாங்கில் ஒரு கிளினிக்கில் முப்பது வருஷம் முகப்பில் உட்கார்ந்து நோயாளிகளின் பெயரைக் கூப்பிட்டவள். பணி ஓய்வு பெற்று மகனோடு இருக்க வந்தாள். கெட்ட மனுஷி இல்லை. எங்கே எது கோணலாக இருந்தாலும் நேராக்கி வைப்பாள், அது ஒன்றுதான் அவளிடம் உள்ள கஷ்டம்.

முதல் நாள் கையில் கேக்கோடு வந்து பாயில் உட்கார்ந்தாள். திரையில் பெரிய ராணி கண்ணீரோடு ஒரு கடிதம் எழுதிக்கொண்டிருந்தாள். கொரெட்டி சொல்லிக்கொண்டிருந்தாள்: "சின்ன ராணி மகன் தூரத்துச் சண்டைக்குப் போயிருக்கான்ல, அவனுக்கு எழுதறா. 'தம்பி, நீ என் வயித்துல பொறக்காட்டியும் எனக்குப் புள்ளதான். அப்பாவுக்கு மூச்சு இழுக்குது. ஓடியா'ன்னு எழுதறா."

முத்தாயி முந்தானையால் மூக்கைத் துடைத்தாள்.

"ஏன்க்கா பூச்சாடிய நடுவுல வச்சிருக்கீங்க? எழுத்து மறைக்குதுலா" என்று எழுந்த திலகா, யாரும் தடுக்குமுன் அதைத் தூக்கி ஜன்னலில் வைத்துவிட்டாள். அப்புறம் கிளினிக் குரலில், லயம் முழுக்கக் கேட்கும்படி, எழுத்தைப் படித்தாள்: "அயாஹண்டா சிஹாட். ஜாங்கான் பூலாங்."

படிக்கத்தான் யாருக்கும் வராது, கேட்டால் எல்லாருக்கும் விளங்கும். அப்பா சுகமாக இருக்கிறார். வர வேண்டாம்.

"அடுத்து என்னா போடறான்?" என்றாள் முத்தாயி மெதுவாக.

"கிழவர் சாகறப்ப அந்தப் பையன் இங்க இருக்கக் கூடாதாம். மண்ணுக்குள்ள வச்சப்புறம் தெரிஞ்சாப் போதுமாம்." திலகா கண்ணாடியைக் கழற்றினாள். "இந்த அம்மாதான் நாடகத்துல வில்லி போலருக்கு. உங்களுக்குத் தெரியாதா?"

எட்டுத் தலைகளும் நாற்காலிப் பக்கம் திரும்பின. கொரெட்டிக்கு நாக்கு மேலே ஒட்டிக்கொண்டது.

முத்தாயிதான் முதலில் எழுந்தாள். "அப்ப என் தேங்கா?" என்றாள். "மூணு தேங்காக்கா! சண்டாளிக்கு என் நட்சத்திரத்துல அர்ச்சன பண்ணிருக்கேன்! ஆத்தா என்னப் பத்தி என்னா நெனச்சிருப்பா?"

மறுநாளிலிருந்து எல்லாரும் திலகா வீட்டுக்குப் போனார்கள். அங்கே சுவர் அகலத்துக்குத் தொலைக்காட்சி. முத்தாயி போகும்போது பிஸ்கட் டின்னையும் கையோடு எடுத்துக்கொண்டு போனாள். அதுதான் கொரெட்டிக்கு மிகவும் வலித்தது.

இந்த இடத்தில் கேப்ரியல் கதையைச் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் கொரெட்டியின் நாக்கு ஒட்டிக்கொண்டதற்கு அகப்பட்டுக்கொண்ட வெட்கம் மட்டும் காரணமில்லை. கேப்ரியல் போர்டிக்சனுக்கு எண்ணெய் லாரி ஓட்டியவர். அங்கே பமீலா என்று ஒருத்தி, அவளுக்கு அவரால் கீத் என்று ஒரு மகன். லயத்தில் எல்லாருக்கும் தெரியும், கொரெட்டியின் முன்னால் யாரும் பேசமாட்டார்கள். கேப்ரியல் இறந்த அன்று பமீலா போன் பண்ணி, ஓரமாக நின்று பார்த்துவிட்டுப் போய்விடுகிறோம், பையன் ஒரு பிடி மண் போடட்டும், அடக்கம் எத்தனை மணிக்கு என்று கேட்டாள். அடக்கம் காலை பத்து மணிக்கு. கொரெட்டி மாலை நாலு மணி என்று சொன்னாள். அம்மாவும் மகனும் நாலு மணிக்கு மலர்வளையத்தோடு வந்து மூடிய மண்ணைத்தான் பார்த்தார்கள்.

ஆறு வருஷமாக இதை அவள் பாதிரியாரிடம்கூடச் சொல்லவில்லை. ஒவ்வொரு நாளும் பெரிய ராணிக்குப் பால் வார்த்து வளர்த்து, கஞ்சி வைக்கச் சொல்லி, தங்கமாக்கி நிறுத்தியிருந்தாள். கடைசியில் பெரிய ராணியே கடிதம் எழுதிக் காட்டிக்கொடுத்துவிட்டாள்.

மூன்று நாள் வீடு சும்மா கிடந்தது. பழக்க தோஷத்தில் எட்டுப் பேருக்குத் தேத்தண்ணி போட்டுவிட்டு, தானே இரண்டு கோப்பை குடித்து, மிச்சத்தைக் கொய்யா மரத்தடியில் ஊற்றினாள். மூன்று மணிக்குத் தொலைக்காட்சியைப் போட்டாள். பெரிய ராணி வந்தாள். அணைத்துவிட்டாள்.

நான்காம் நாள் நாடகம் முடிகிற நாள். கொரெட்டி நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு திலகா வீட்டுக்குப் போனாள். திலகா சட்டென்று நாற்காலியை இழுத்துப் போட்டாள். கொரெட்டி வேண்டாமென்று கீழே உட்கார்ந்தாள். முத்தாயி இவளைப் பார்க்காமலே, "கால நீட்டாதீங்க, பின்னாடி ஆள் இருக்கு" என்றாள்.

திலகாவின் வாசிப்பும் ஒன்றும் ஓகோவென்று இல்லை. கிளினிக்கில் பெயர் கூப்பிட்ட பழக்கத்தில் ஒவ்வொரு வரிக்கும் நிறுத்தி, எல்லாரையும் ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு அடுத்த வரிக்குப் போவாள். அதற்குள் திரையில் இரண்டு பேர் பேசி முடித்து மூன்றாவது ஆள் குதிரை ஏறியிருப்பான். யார் யாருக்குச் சித்தப்பா என்றே யாருக்கும் பிடிபடவில்லை. ஆனால் அச்சில் வந்தது பொய்யாகாதே, அதனால் மரியாதைக்கு உட்கார்ந்திருந்தார்கள்.

கடைசிக் காட்சி. சின்ன ராணியின் மகன் திரும்பி வந்துவிட்டான், அப்பா மண்ணுக்குள் போய்விட்டார். பெரிய ராணியைக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். அவள் தலையிலிருந்த தங்க ஊசிகளை ஒவ்வொன்றாகப் பிடுங்கிக் கீழே போட்டாள். சின்ன ராணியை நேராகப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். வெளியே இடி இடித்தது, மழை கொட்டியது, திரை நீலமாகிவிட்டது. கூரைமேல் இருக்கும் டிஷ் தட்டுக்கு மழை ஆகாது. மழை விடும்வரை அது பிழைக்காது.

"அலாமாக்!" என்று எட்டுப் பேரும் ஒரே குரலில் கத்தினார்கள்.

"வந்துரும்லா, பொறுங்க" என்றாள் திலகா. வரவில்லை. தகரத்தில் மழை அடித்துக்கொண்டே இருந்தது. பிஸ்கட் டின் ஒரு சுற்று வந்து காலியானது.

முத்தாயிதான் பொறுக்கமாட்டாமல் திரும்பினாள். "அக்கா. அந்தப் பெரிய ராணி என்னாதான் சொல்ல வந்தா?"

கொரெட்டி தலையைக் குனிந்தாள். "எனக்குத் தெரியாது முத்தாயி. இந்தச் சீனம் வேற சீனம். ஒரு வார்த்தகூட எனக்கு வெளங்காது. ஆறு மாசமா வாய்க்கு வந்ததச் சொல்லிட்டேன்."

"அது தெரியும்லா. நாலு நாளா தெரியும். அதையா கேட்டேன்? என்னா சொல்ல வந்தான்னு கேட்டேன்."

கொரெட்டி நீலத் திரையைப் பார்த்தாள். பிறகு மூன்று மணிக் குரல் தானாக வந்தது.

"சின்ன ராணியப் பாத்துச் சொல்றா. 'நான்தான்டி செஞ்சேன். ராசா செத்த அன்னிக்கு நீ ஆள் விட்டுக் கேட்ட. உன் மகன் ஒரு பிடி மண் போடட்டும்னு கேட்ட. அடக்கம் காலையில பத்து மணிக்கு. நான் வேணும்னே சாயந்தரம் நாலு மணின்னு சொன்னேன். நீ என் புருஷன எடுத்துக்கிட்ட, அந்த ஒரு பிடி மண்ணாவது என் மகனுக்கு மட்டும் இருக்கட்டும்னு சொன்னேன். இப்ப என் மகனும் பக்கத்துல இல்ல.'"

"அந்தக் காலத்து அரமனையில ஏதுக்கா கடிகாரம்?" என்று கேட்க வாயெடுத்த திலகாவின் தொடையில் முத்தாயி ஒரு கிள்ளு கிள்ளினாள். கேப்ரியலின் அடக்கத்துக்கு அன்று காலை பத்து மணிக்கு அந்த எட்டுப் பேரும்தான் கல்லறையில் நின்றிருந்தார்கள்.

முத்தாயிதான் மெல்லக் கேட்டாள். "பெரிய ராணி இத நேர்ல போய்ச் சொல்லிருச்சா?"

"இன்னும் இல்ல."

"எப்பதான் போகும்?"

"மழ விடட்டும்" என்றாள் கொரெட்டி.

மழை விட்டபோது திரையில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. நாடகம் எப்படி முடிந்தது என்று ஒருத்தியும் திலகாவைக் கேட்கவில்லை.

சனிக்கிழமை காலை கொரெட்டி பஸ் ஏறிப் போர்டிக்சனுக்குப் போனாள். பமீலா தேங்காய்ப்பால் சோறு கட்டி விற்கும் நாசி லெமாக் கடை போட்டிருக்கும் இடம் அவளுக்கு வருஷக்கணக்காகத் தெரியும், அந்தப் பக்கமே போகாமல் சுற்றிப் போவதற்காகத் தெரிந்துவைத்திருந்தாள். வரிசையில் நின்றாள். முன்னால் நின்றவர் விலகினார்.

"எத்தன பொட்டலம்?" என்று நிமிர்ந்த பமீலா அப்படியே நின்றாள்.

"ஒண்ணு" என்றாள் கொரெட்டி. ஒத்திகை பார்த்து வந்ததெல்லாம் மறந்துவிட்டது. "அடக்கம் பத்து மணிக்குத்தான் பமீலா. உங்கிட்ட வேணும்னே நாலுன்னு சொன்னேன்."

பமீலாவின் கையிலிருந்த கரண்டி அசையவில்லை. பின்னால் ஒருவர், "அக்கா, எனக்கு முட்டை ரெண்டு" என்றார்.

"வெய்ட் லா!" என்று கத்திவிட்டு, அதே மூச்சில் பமீலா அழுதாள். "நான்தான் பதட்டத்துல நேரத்த மாத்தி நெனச்சிக்கிட்டேன்னு இருந்தேன். ஆறு வருஷமா என் மகன்கிட்ட மன்னிப்புக் கேட்டுக்கிட்டிருக்கேன், தெரியுமா?"

எந்த ராணியின் வாயிலும் போட்டுச் சொல்ல முடியாத விஷயம் இது.

பமீலா முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பொட்டலத்தை மடித்து நீட்டினாள். "அங்க போய் ஒக்காந்து சாப்புடுங்க. யாவாரம் முடியட்டும், அப்புறம் திட்டுறேன்."

சொன்னபடி திட்டினாள். அரை மணி நேரம், நிறுத்தாமல். கொரெட்டி குனிந்த தலை நிமிராமல் வாங்கிக்கொண்டாள். திட்டு வாங்கிக் கற்றுக்கொள்வது அவளுக்குப் புதிதில்லை. பமீலாவுக்கு மூச்சு வாங்கியபோது, "பையன் வந்து இப்பவாவது மண் போடுவானா?" என்று மட்டும் கேட்டாள்.

கீத் ஒரு மணிக்கு வேலை முடிந்து காரில் வந்தான். கேப்ரியலின் அதே மூக்கு, அதே நடை. அவன் எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கார் கதவைத் திறந்துவிட்டான். கல்லறையில் குனிந்து ஒரு பிடி மண் எடுத்து அப்பாவின் பெயருக்குக் கீழே போட்டான். "லேட் ஆயிருச்சி, டேடி" என்றான். அப்போதுதான் கொரெட்டி அழுதாள், ஆறு வருஷத்தில் முதல் தடவையாகச் சத்தம் போட்டு அழுதாள். பமீலா அவள் தோளைத் தொடவில்லை. கைப்பையிலிருந்து டிஷ்யூவை எடுத்து நீட்டினாள்.

மூக்கைச் சிந்திவிட்டு நிமிர்ந்த கொரெட்டி கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மணி இரண்டே முக்கால். "அய்யய்யோ, இன்னிக்குப் புது நாடகம்" என்றாள். "தம்பி, என்ன லயத்துல விட்டுருப்பா. பமீலா, நீயும் வந்து ஒரு வாய் தேத்தண்ணி குடிச்சிட்டுப் போ. வரமாட்டேன்னா சொல்லிரு, பரவால்ல."

பமீலா வரமாட்டேன் என்று சொல்லவில்லை.

கீத் வாசலில் காரிலேயே உட்கார்ந்துகொண்டான். வீட்டுக் கதவு திறந்து கிடந்தது. எட்டுப் பேரும் பாயில் இருந்தார்கள், ஒன்பதாவதாகத் திலகா. பிஸ்கட் டின் பழைய இடத்துக்கு வந்திருந்தது. கொரெட்டியின் பின்னால் பமீலா உள்ளே நுழைந்ததும் பேச்சு நின்றது. முத்தாயி இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்து பமீலாவை மேலும் கீழும் பார்த்தாள்.

"இவங்களா சின்ன ராணி?" என்றாள் கொரெட்டியிடம். "நான் இன்னும் கொஞ்சம் ஒசரமா இருப்பாங்கன்னு நெனச்சேன்."

பமீலாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் பாயில் இடம் விட்டார்கள், உட்கார்ந்தாள். முத்தாயி டின்னைத் திறந்து முதல் பிஸ்கட்டை அவளிடம் நீட்டினாள். "ஒங்க மேல ரொம்பக் கோவமா இருந்தேன். மூணு தேங்கா ஒடச்சேன் ஒங்களுக்கு எதிரா. சாப்புடுங்க."

திரையில் புது அரண்மனை வந்தது. பமீலா கீழே ஓடும் எழுத்தைப் பார்த்துப் படிக்கத் தொடங்கினாள், அவளுக்கு மலாய் நன்றாகத் தெரியும். திலகா சட்டென்று எழுந்தாள். ஜன்னலிலிருந்த பூச்சாடியைத் தூக்கி வந்து எழுத்துக்கு நேராக வைத்தாள். கோணலாக இருந்தது, நேராக்கினாள்.

"அத நகத்தாதீங்க, மாதாவுக்கு நேந்த பூ" என்றாள் பமீலாவிடம். "அக்கா, ஆரம்பிங்க."

கொரெட்டி நாற்காலியில் உட்கார்ந்தாள். முக்காடிட்ட இரண்டு பெண்கள் ஒரு பாலத்தில் எதிரெதிரே வந்துகொண்டிருந்தார்கள். மூத்தவள் யார், இளையவள் யார் என்று அவள் வெகு நேரம் பார்த்தாள்.

"இந்தச் சீனமும் எனக்குத் தெரியாது" என்றாள். "ரெண்டு பேர்ல யாரு நல்லவன்னு இப்பவே சொல்ல முடியாது. பொறுத்துத்தான் பாக்கணும்."

"பாக்கலாம்லா" என்றாள் முத்தாயி. "தேங்கா மட்டும் இனிமே ஒடைக்கமாட்டேன்."